செங்கீரையும் செவிச் சோதனையும்

பிள்ளைத்தமிழைப் பாடமாக நடத்துங்கால், பத்துப் பருவங்களின் பெயர்களை மாணவர் மனத்தில் பதியச் செய்து, ஆண்பாற் பிள்ளைத்தமிழ், பெண்பாற் பிள்ளைத்தமிழ் என வேறுபாடு காட்டி, தேர்வுக்குரிய வினாவோடு நிறுத்திக்கொள்வது நம் வகுப்பறைகளின் வழக்கமாகிவிட்டது. அப்பருவங்கள் வெறும் கற்பனையின் விளைவல்ல. தொட்டிலருகே அமர்ந்து குழந்தையைக் கண்கொட்டாமல் நோக்கியவர்கள் வகுத்தவை என்பதை நாம் எடுத்துரைப்பது குறைவு.

பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கில் தமக்குள் வேறுபடினும், 3-ஆம் திங்கள் தொடங்கி 21-ஆம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்களில் பருவங்களை அமைப்பது ஒரு மரபு. அக்கணக்கின்படி செங்கீரை 5-ஆம் திங்களுக்கு உரியது. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றி, தலை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடும் நிலை அது. இன்றைய குழந்தை மருத்துவரும் ஏறத்தாழ இதையே சொல்வார். 3, 4 மாதங்களில் கழுத்து நிற்கும். அதையொட்டிய மாதங்களில் குப்புறக் கிடந்த பிள்ளை கையூன்றி மார்பை உயர்த்தும். தாலப் பருவம் 7-ஆம் திங்கள். தால் என்பது நாவைக் குறிக்கும் சொல். 'பாபா', 'மாமா' என ஒலிகளை அடுக்கி நா பழகத் தொடங்குவதும் அக்காலத்தில்தான். 9-ஆம் திங்களின் சப்பாணி, துணையின்றி அமர்ந்து கைகொட்டும் பருவம். 13-ஆம் திங்களின் வருகைப் பருவம் தளர்நடைக்கு உரியது. மருத்துவக் குறிப்பேடும் பாட்டியலும் இவ்வளவு நெருங்கி வருவது வியப்பூட்டுவதாகும்.

அம்புலிப் பருவத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். தாய் நிலவைச் சுட்டுகிறாள். குழந்தை அவள் விரலைப் பார்ப்பதோடு நில்லாமல் விரல் காட்டும் திசையைப் பார்க்கிறது. பின் திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கிறது. தானும் விரல் நீட்டுகிறது. ஒரே பொருளை இருவர் சேர்ந்து காணும் இந்நிலையை, மொழி கற்பதற்கான வாயிலாகவே உளவியலார் கருதுகின்றனர். 18 மாதம் நிறைந்த பின்னும் ஒரு குழந்தை எதையும் சுட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை எனில், ஆட்டிசம் முதலிய நிலைகள் உளவா என்று மருத்துவர் ஆராய்வதற்கு அது காரணமாகிறது. நிலவை அழைத்துப் பாடிய புலவர்கள் இதனை அறிந்தா பாடினர் என்று கேட்பின், இல்லை என்பதே விடை. ஆயின் அவர்கள் கண்டதைப் பாடினர்.

இசுலாமியப் புலவர்களும் இவ்விலக்கியத்தை விரும்பி ஏற்றனர். செய்யிது அனபிய்யா புலவர் பாடிய நபிநாயகம் பிள்ளைத்தமிழ் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. குழந்தையை ஆடச் சொல்வதும், கைகொட்டச் சொல்வதும், முத்தம் தரச் சொல்வதும் அரபு மண்ணில் பிறந்த அண்ணலாருக்குத் தமிழ்த் தாய்மை அளித்த அன்புக் காணிக்கை எனலாம். ஹலீமா அம்மையாரிடம் பாலருந்தி வளர்ந்த அந்தப் பிள்ளைப் பருவ வரலாற்றை மீலாது மேடைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோர்க்கு முழுமையான இரண்டு ஆண்டுகள் எனத் திருக்குர்ஆன் அல்பகறா அத்தியாயத்தில் வகுத்திருப்பதும் நாமறிந்ததே.

ஆனால் இலக்கியத்தின் மாதக் கணக்கை வீட்டுக் குழந்தையின் மேல் சட்டம்போல் சுமத்துதல் தகாது. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, ஓமன், கானா, நார்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் நலமான குழந்தைகளை ஆய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவு இவ்விடத்தில் எண்ணத்தக்கது. துணையின்றி நடத்தல் என்னும் ஒரு செயலுக்கே 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை இடைவெளி உண்டு. துணையின்றி உட்கார்தல் 3.8 முதல் 9.2 மாதம் வரை. அக்குழந்தைகளுள் நூற்றுக்கு நால்வருக்குச் சற்று மேற்பட்டோர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. தவழாமலே எழுந்து நின்று நடந்துவிட்டனர். எனவே, "பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது, நம் பிள்ளை இன்னும் சுவரைப் பிடிக்கிறதே" என்று மருமகளை வாட்டும் மூமாக்கள் தம் குரலைச் சற்றே தாழ்த்திக்கொள்ளலாம்.

விரைந்து நடக்க வைக்கும் ஆசையால், சக்கரம் பூட்டிய பிளாஸ்டிக் வாக்கரில் குழந்தையை உட்கார்த்தி விடுகின்றனர். அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படிக்கட்டில் உருளவும் அடுப்பங்கரையில் கொதிநீரைப் பற்றி இழுக்கவும் வழி செய்கிறது. கனடா நாடு 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் தச்சர்கள் செய்து தந்த மரத்தாலான நடைவண்டி வேறு வகை. அதனுள் குழந்தை அமர்வதில்லை. பின்னே நின்று, தன் காலில் தன் எடையைத் தாங்கித் தள்ளுகிறது.

மேற்கூறிய இடைவெளிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. ஒப்பிட்டு வருந்துவது ஒரு பிழையெனில், எல்லை கடந்த பின்னும் காத்திருப்பது அதனினும் பெரும் பிழை. "அவன் அத்தாவும் நான்கு வயதில்தான் வாய் திறந்தான்" என்ற சொல் நம் வீடுகளில் எத்தனை குழந்தைகளின் பொன்னான ஆண்டுகளை விழுங்கியிருக்கிறது!

குழந்தை பிறந்ததும் வலச் செவியில் பாங்கும் இடச் செவியில் இகாமத்தும் ஓதுகிறோம். இவ்வுலகில் அது கேட்கும் முதற்சொல் இறைவனின் பெருமையாக அமைய வேண்டும் என்பது நம் விருப்பம். அச்செவி கேட்கிறதா என்று நாம் கேட்பதுண்டா? பிறவியிலேயே கேட்கும் திறன் குன்றிய குழந்தைகள் உலக அளவில் ஆயிரத்துக்கு ஒருவர் முதல் மூவர் வரை உளர் என்பர். இவர்களை முகத்தைப் பார்த்து அறிய இயலாது. அவர்களும் அழுவர், சிரிப்பர். முதல் மாதங்களில் 'ஊ', 'ஆ' என்று ஒலியும் எழுப்புவர். அதனால் குடும்பத்தார் ஏமாந்து போகின்றனர். தாலப் பருவத்து அடுக்கொலி வராதபோதுதான் வேறுபாடு தெரியும். அப்போதும் உற்றுக் கேட்பவர்க்கே தெரியும்.

இதற்கான சோதனை கடினமானதன்று. உறங்கும் குழந்தையின் செவியில் சிறு முனை ஒன்றை வைத்து மெல்லிய ஒலியை அனுப்பி, உட்செவி எழுப்பும் மறுமொழியைக் கருவி பதிவு செய்கிறது. வலியில்லை, சில நிமிடங்களே ஆகும். 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் குறை உறுதிப்பாடு, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவ உலகின் இலக்கு. தமிழகத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. ஆனால் மொழி பழகும் மூளையின் பருவம் நம் வசதிக்காகக் காத்திராது. நான்காம் வயதில் அழைத்து வரப்படும் பிள்ளைக்குக் கருவி ஒலியைத் தரும். இழந்த ஆண்டுகளின் மொழியைத் தருவது அரிதினும் அரிது.

ஏன் தாமதம்? அறியாமை ஒரு காரணம். நாணம் மற்றொன்று, அதைப் பற்றி மலர்களில் எவரும் எழுதுவதில்லை. மூத்த பெண்ணுக்கு வரன் பேசும் வேளையில், இளைய பிள்ளைக்குக் காது கேளாது என்பது வெளியே தெரியலாகாது என மறைக்கும் வீடுகள் உண்டு. நெருங்கிய இரத்த உறவில் தலைமுறை தலைமுறையாகத் திருமணம் நடக்கும் குடும்பங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை வருவதற்கு வாய்ப்பு மிகுதி என்பதை மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கின்றனர். இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய வழக்கன்று. தமிழகம் முழுவதும் மாமன் மகள், அத்தை மகன் உறவு போற்றப்படுகிறது. மார்க்கம் அத்தகைய மணத்தை அனுமதித்திருக்கிறதே ஒழியக் கடமையாக்கவில்லை. குடும்பத்தில் முன்னரே ஒரு குழந்தை அவ்வாறு பிறந்திருக்குமாயின், நிக்காஹ் பேசுவதற்கு முன் மரபியல் மருத்துவரைக் காண்பதில் குற்றமென்ன இருக்கிறது?

தாயின் கடமை என்று இவை அனைத்தையும் ஒருத்தியின் தலையில் ஏற்றிவிடுவதும் முறையன்று. குழந்தையோடு பேசுவதற்குக் கருவி வேண்டா, கல்வியும் வேண்டா. முகமும் குரலும் போதும். பால் கொடுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் பேசுக. விழித்திருக்கையில் அருகிருந்து சிறிது நேரம் குப்புறக் கிடத்துக. தாலாட்டுத் தெரிந்த மூமா இருப்பாராயின், கைப்பேசிக்கு ஓய்வு கொடுத்து அவரைப் பாடச் சொல்லுக. இரண்டு வயதுக்கு முன் ஓராண்டுக் குழந்தைக்கும் திரைக்காட்சி ஏற்றதன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. வளைகுடாவில் உழைக்கும் தந்தை திரையில் தோன்றிப் பிள்ளையைக் கொஞ்சுவதை நாம் இதில் சேர்க்கவில்லை. அங்கே ஒரு முகம் மறுமொழி சொல்கிறது. பொம்மைப் பாட்டு மறுமொழி சொல்வதில்லை.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் குழந்தை வளர்ச்சி மையத்தார் 1991-இல் வெளியிட்ட ஓர் அட்டவணை இன்றும் பயன்படுகிறது. 2 வயது வரைக்குமான 17 செயல்கள் மட்டுமே அதில் உள்ளன. குழந்தையின் வயதுக்கு நேராக ஓர் அளவுகோலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்புறம் முடிந்துவிட்ட செயல்களைக் குழந்தை செய்கிறதா என்று பார்த்தால் போதும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இதைப் பழகலாம். 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. அவை இருப்பதையே அறியாதவர் நம்மிடையே மிகுதி.

நம் ஜமாஅத்துகளிடம் திருமணப் பதிவேடு இருக்கிறது. அகீகா விருந்துக்கு அழைப்பு வரும் நாளில், குழந்தையின் செவிச் சோதனை ஆயிற்றா என்று இமாம் ஒரு சொல் கேட்கலாம். அருகிலுள்ள மையத்தின் முகவரியைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். நம் தமிழ்த்துறை மாணவியர் பிள்ளைத்தமிழ் படிக்கும் பருவத்திலேயே அந்த 17 செயல்களின் அட்டவணையையும் ஒரு மணி நேரம் பழகலாம். பாடத்திட்டக் குழுவின் இசைவு இதற்குத் தேவையில்லை. வரும் கல்வியாண்டின் முதல் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.