அரை விநாடிக்கு எத்தனை லட்சம்?

காசுக்கேற்ற தோசை என்பது ஸ்போர்ட்ஸ் கார் சந்தையிலும் எழுதாத சட்டம். கூடுதல் வேகம் வேண்டுமா, கூடுதல் பணத்தை எடுத்து வை. 2007 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிஸான் ஜிடி-ஆர் இந்தக் கணக்கைக் கலைத்துப் போட்டது.

அது குறிவைத்த எதிராளி ஜெர்மனியின் போர்ஷே 911 டர்போ. சக்தியில் இரண்டும் சமம்: சுமார் 480 குதிரை சக்தி. இரண்டிலும் ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, நான்கு சக்கரங்களுக்கும் இஞ்சின் விசை. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட இரண்டுக்கும் நான்கு விநாடி போதும். 300 கி.மீ. வேகத்தைத் தாண்டவும் இரண்டாலும் முடியும். ஆனால் 2008-ல் அமெரிக்காவில் நிஸானின் விலை 69,850 டாலர். போர்ஷேக்கு 1,20,000 டாலருக்கு மேல் தர வேண்டும்.

நிஸான் எதில் மிச்சம் பிடித்தது? நிச்சயமாக இஞ்சினில் இல்லை. யோகஹாமா ஆலையில் ஒவ்வொரு இஞ்சினையும் ஒரே தொழிலாளி ஆரம்பம் முதல் கடைசி வரை கையாலேயே பொருத்தினார். ஆனால் காருக்கென்று தனி ஆலை கட்டவில்லை. டோசிகியில் நிறுவனத்தின் மற்ற கார்கள் தயாராகும் வரிசையிலேயே ஜிடி-ஆரும் வந்தது. எடையில் போர்ஷேயைவிட சுமார் 150 கிலோ அதிகம். அந்தக் கனத்தை மறக்கடிக்கும் வேலையை எலெக்ட்ரானிக்ஸும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸும் பார்த்துக்கொண்டன.

போர்ஷேயால் இதை எளிதில் ஜீரணிக்க முடியவில்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுபாதை ஒரு சுற்றுக்கு 20 கி.மீ.க்கு மேல் நீளமுள்ளது. வேக கார்களுக்கு அதுதான் பரீட்சைக் கூடம். 2008-ல் அங்கே 7 நிமிடம் 29 விநாடியில் ஒரு சுற்றை முடித்ததாக நிஸான் அறிவித்தது. போர்ஷே தரப்பு ஒரு ஜிடி-ஆரைத் தாங்களே ஓட்டிப் பார்த்து, 7 நிமிடம் 54 விநாடிக்குக் குறைவாக வரவில்லை என்றது. கடையில் விற்கிற காரும் டயரும்தான் ஓடின என்று நிஸான் உறுதியாக நின்றது. சந்தேகம் கிளப்பியவர்களும் ஒன்றை மறைமுகமாக ஒப்புக்கொண்டார்கள்: பாதி விலைக் காரை அலட்சியப்படுத்த முடியாது.

மலிவுக்கும் ஒரு விலை இருந்தது. சறுக்கலைத் தடுக்கும் எலெக்ட்ரானிக் காவலை அணைத்துவிட்டு, முழு வேகத்தில் காரைக் கிளப்பிய அமெரிக்க உரிமையாளர்கள் சிலரின் கியர்பாக்ஸ் உடைந்தது. இப்படி ஓட்டினால் உத்தரவாதம் செல்லாது என்றது நிறுவனம். பெரும் சச்சரவுக்குப் பிறகே சாஃப்ட்வேர் மாற்றப்பட்டது. காரின் விலை பாதியாகலாம். கியர்பாக்ஸ், டயர், பிரேக் விலை பாதியாவதில்லை.

போர்ஷேக்குத் தரும் கூடுதல் பணம் வெறும் பெயருக்கு மட்டும்தானா? இல்லை. எடை குறைவு, வளைவில் ஸ்டீயரிங் வழியே கைக்கு வரும் சேதி, விற்கப்போனால் காத்திருக்கும் சந்தை எல்லாம் அதில் அடக்கம். 1963-ல் அறிமுகமான 911 வகையின் பத்து லட்சமாவது கார் 2017-ல் வெளிவந்தது. அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் விலை.

இந்தியாவில் கணக்கே வேறு. 2016 டிசம்பரில் ஜிடி-ஆர் இங்கே வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 1.99 கோடி ரூபாய். அதே மாடல் அமெரிக்காவில் 1,09,990 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 75 லட்சம். முழுதாக இறக்குமதியாகும் விலையுயர்ந்த கார்களுக்கு அப்போது 100 சதவீத சுங்கவரி. அதற்கு மேல் மற்ற வரிகள் வேறு. 'பாதி விலைப் புலி' துறைமுகத்தைத் தாண்டியதும் கோடீஸ்வரர்களுக்கான காராகிவிட்டது.

பிறந்த சந்தைகளிலும் அந்த மலிவு நீடிக்கவில்லை. அமெரிக்காவில் கடைசி ஆண்டுகளில் ஜிடி-ஆரின் விலை 1,20,000 டாலரைத் தாண்டியது. அதாவது 2008-ல் போர்ஷே நின்ற இடம். 2025 ஆகஸ்டில் கடைசி காரோடு உற்பத்தி முடிந்தது. 18 ஆண்டுகளில் வெளிவந்தவை சுமார் 48,000.

ஜிடி-ஆர் காட்டிச் சென்ற உண்மை எளியது. 100 கி.மீ. வேகத்துக்கு எத்தனை விநாடி என்ற ஒற்றை எண்ணை வைத்து காரின் மதிப்பைச் சொல்ல முடியாது. வரி, உதிரிபாகம், உத்தரவாதத்தின் பொடி எழுத்து, மறுவிற்பனை அத்தனையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இந்திய வாசகர் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளலாம்: வாங்கினால் எங்கே ஓட்டுவது? முழு வேகத்தைச் சோதிக்க கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட், சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவையின் காரி என்று விரல்விட்டு எண்ணும் ஓடுபாதைகள்தான். அங்கேயும் அந்த அரை விநாடியை அநேகமாகத் தீர்மானிப்பது காரல்ல, ஓட்டுபவரின் பயிற்சி. அதற்கு சுங்கவரி கிடையாது.