சீனக்குடாவில் மூன்று தொழில்கள்

சீனக்குடாப் பக்கம் செல்லும் அன்பர்கள் எண்ணெய்க் குதங்களையும், கோதுமை மா ஆலையையும், குடாவில் அசையும் மீன்பிடி வள்ளங்களையும் காண்பர். இம்மூன்றனுள் அபாயம் மிக்கது எது என்று வினவினால், பலரும் எண்ணெயையே சுட்டுவர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது குதமொன்று பற்றி எரிந்த கதையை இவ்வூரார் மறந்திலர்.

அபாயம் கண்ணுக்குத் தெரிவதனாலேயே எண்ணெய்த் தொழிலில் ஒழுங்கும் வளர்ந்தது. தீப்பெட்டி வாயிலிலேயே நின்றுவிடும். எழுத்து மூலமான அனுமதியின்றிக் குழாய்களைப் பழுதுபார்ப்பதில்லை. மாவோ அவ்வாறன்று. பிட்டுக்கும் ரொட்டிக்கும் குழைக்கும் பொருளை யார் அஞ்சுவர்? ஆயினும் நுண்ணிய மாத்தூள் அடைபட்ட இடத்தில் காற்றோடு கலந்து நிற்கையில் ஒரு பொறி பட்டால் வெடித்துவிடும். முதல் வெடிப்புச் சிறிதாகவே இருக்கலாம். உத்திரங்களிலும் இடுக்குகளிலும் படிந்த தூளை அது கிளப்பிவிட, அடுத்த வெடிப்புக் கட்டடத்தையே பெயர்த்துவிடும். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1878 மே 2ஆம் நாள் பெரிய மா ஆலையொன்று தூள் வெடித்துத் தகர்ந்ததில் 18 பேர் மாண்டனர். மா ஆலையிற் படிந்த தூளை அகற்றுபவரின் வேலை தீயணைப்போர் வேலைக்குக் குறைந்ததன்று என்பதே நம் எண்ணம்.

கடலிற் செல்லும் வள்ளத்தில் எண்ணெய்த் தொழிலிற் போன்ற வேலை அனுமதிச் சீட்டும் இல்லை, உடன் நிற்கும் மேற்பார்வையாளரும் இல்லை. காற்றின் போக்கறிந்த முதியவர் சொல்லே அங்கு சட்டம். அவ்வறிவை நாம் குறைவாக மதியோம். ஆனால், உயிர்காப்பு அங்கி அணியத்திற் சுருண்டு கிடப்பதும் அதே வள்ளத்திலன்றோ? "காற்று மாறுகிறது, திரும்புவோம் அண்ணே" என்று இளையவன் சொன்னால் சம்மாட்டி செவிகொடுப்பாரா?

இக்கேள்விக்கு ஆகாயத்தில் விலை கொடுக்கப்பட்டது. 1977 மார்ச் 27ஆம் நாள் தெனெரீபே தீவின் ஓடுபாதையில் இரு பெரும் விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். எதிரே நின்ற விமானம் விலகிவிட்டதா என்று பொறியாளர் ஐயுற்று வினவியும், தலைமை விமானி ஓட்டத்தை நிறுத்தவில்லை. அதன்பின், இளையோர் துணிந்து சொல்லவும் மூத்தோர் கேட்கவும் விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கலாயினர். மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளைப் பெயர் வெளிவராமல் அறிவிக்கும் ஏற்பாடும் அமெரிக்காவில் 1976 முதல் உண்டு.

நம் நாட்டிலே 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளியை மூன்று நாளுக்கு மேல் முடக்கும் விபத்தை அறிவிக்குமாறு பணிக்கிறது. சங்கிலி அறுந்து தலைக்கருகே விழுந்து, எவருக்கும் காயமில்லையேல்? சொன்னால் நாட்கூலி போய்விடுமோ என்று தொழிலாளி அஞ்சுகிறார். ஆகவே அச்செய்தி மேலாளருக்கு எட்டுமுன் வீட்டிலே மனைவிக்கு எட்டுகிறது. பலவேளைகளில் அவரோடு நின்றும் விடுகிறது.