நோயாளியைப் பார்க்காத டாக்டர்

எம்.டி. பதாலஜியில் இடம் கிடைத்திருக்கிறது என்று மகளோ மகனோ வீட்டுக்குப் போன் செய்து சொன்னால் மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இருக்காது. "அப்ப நீ ஊசி போட மாட்டியா?" என்று பாட்டி கேட்பார். லேப் வைத்தால் நல்ல வருமானம் என்று மாமா ஆறுதல் சொல்வார். ஸ்டெதாஸ்கோப் மாட்டாத டாக்டரை நாம் இன்னும் பாதி டாக்டராகத்தான் கணக்கில் வைத்திருக்கிறோம்.

கவுன்சலிங்கிலும் அதே கதைதான். ரேடியாலஜி, பொது மருத்துவம், தோல் மருத்துவம் ஆகியவை முதலில் தீர்ந்துவிடும். பதாலஜி இடங்கள் பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும். நோயாளியோடு நேரடித் தொடர்பில்லாத படிப்புகளில் இடங்கள் காலியாகவே கிடந்துவிடுவதும் உண்டு. 2023 செப்டம்பரில் முதுநிலை நீட் தகுதியை மத்திய அரசு பூஜ்ய பர்சன்டைலுக்கு இறக்கியபோது பின்னணியில் இருந்தது இப்படி நிரம்பாத இடங்களின் பிரச்னைதான். ஆகவே முதல் வருட பதாலஜி வகுப்பில் விரும்பி வந்தவர்களும் இருப்பார்கள், கிடைத்ததால் வந்தவர்களும் இருப்பார்கள். அதில் தவறொன்றும் இல்லை. கிடைத்த துறையைக் காதலிக்கக் கற்றுக்கொண்டவர்கள் மருத்துவத்தில் ஏராளம். கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு: முதல் மாதமே அவர்கள் கையில் நாம் கொடுக்கும் வேலை.

அந்த வேலைக்கு கிராஸிங் என்று பெயர். ஆபரேஷன் தியேட்டரில் அகற்றப்பட்ட கர்ப்பப்பை, பித்தப்பை, மார்பகம், குடல் எல்லாம் ஃபார்மலினில் மிதந்தபடி பதாலஜி துறைக்கு வந்து சேரும். ரெசிடெண்ட் அதை மேஜையில் வைத்து அளக்கிறார், எடை போடுகிறார், கண்ணுக்குத் தெரிவதை எழுதுகிறார். பிறகு கத்தியால் அறுத்து, மைக்ரோஸ்கோப்புக்குப் போக வேண்டிய சிறு துண்டுகளைத் தேர்ந்தெடுக்கிறார். தபால் தலை அளவுகூட இல்லாத அந்தத் துண்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டு, மூன்று முதல் ஐந்து மைக்ரான் கனத்தில் சீவப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றப்பட்டு ஸ்லைடாகின்றன. பேராசிரியர் பார்ப்பது இந்த ஸ்லைடை. துண்டாகத் தேர்ந்தெடுக்கப்படாத எதையும் மைக்ரோஸ்கோப் பார்க்கப் போவதில்லை.

இங்கேதான் நம் ஏற்பாட்டின் விசித்திரம் இருக்கிறது. ஸ்லைடில் சந்தேகம் வந்தால் இன்னொருவரிடம் காட்டலாம். மெழுகுக் கட்டியிலிருந்து புதிதாக ஒரு சீவல் எடுக்கலாம். வேறு ஊருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். ஆனால் எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று குறித்துக்கொள்ளாமல் குறுக்கும் நெடுக்குமாக அறுத்துவிட்ட மார்பகத்தை மறுபடி ஒட்ட முடியாது. கட்டி முழுவதும் அகற்றப்பட்டதா, ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. பதாலஜியில் திரும்பச் செய்ய முடியாத வேலை என்று ஒன்று உண்டென்றால் அது இந்த அறுப்புதான். அதைத்தான் துறையிலேயே மிகக் குறைந்த அனுபவம் உள்ளவரிடம் விடுகிறோம்.

பெருங்குடல் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அகற்றிய குடலோடு ஒட்டிவரும் கொழுப்பில் நிணநீர்க் கணுக்கள் புதைந்திருக்கும். குறைந்தது 12 கணுக்களையாவது பரிசோதிக்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவு. சில கணுக்கள் பட்டாணி அளவு இருக்கும். பல கடுகளவுதான். கொழுப்பை விரல்களுக்கிடையே நசுக்கி நசுக்கித் தேட வேண்டும். ஒரு மணி நேரம் ஆகலாம், கழுத்து வலிக்கும். ஐந்து கணுக்களோடு நிறுத்திக்கொண்டு அடுத்த வாளிக்குப் போகத் தோன்றும். ஆனால் விட்டுப்போன ஒரு கடுகில் புற்றுநோய் இருந்தால், மூன்றாம் கட்ட நோய் ரிப்போர்ட்டில் இரண்டாம் கட்டமாகிவிடும். கீமோதெரபி தேவையா இல்லையா என்ற முடிவு பெரும்பாலும் அந்தக் கட்டத்தைப் பொறுத்துத்தான். எங்கோ ஓர் ஊரில் ஒரு குடும்பம் "பயப்பட ஒன்றுமில்லை" என்று நிம்மதியாகச் சாப்பிட உட்காரும். அந்த நிம்மதி உண்மையா பொய்யா என்பது, முகம் தெரியாத ஒரு முதல் வருட ரெசிடெண்டின் விரல்களில் இருந்த பொறுமையைப் பொறுத்தது.

நோயாளியைப் பார்க்காத டாக்டர் என்று சொல்வது எவ்வளவு பெரிய தவறு!

எனவே, சேர்ந்தவுடன் ராபின்ஸ் பாடப்புத்தகத்தைக் கரைத்துக் குடிக்கச் சொல்வது மட்டும் போதாது. (1957-ல் முதல் பதிப்பு கண்ட அந்தப் புத்தகத்தைப் பிற்காலத்தில் வழிநடத்தியவர்களில் முக்கியமானவரான வினய் குமார் நம் நாட்டில் மருத்துவம் படித்தவர் என்பது புதியவர்களுக்கு உற்சாகம் தரலாம்.) முதல் மூன்று மாதங்களாவது கிராஸிங் மேஜையில் ஒரு சீனியர் பக்கத்தில் நிற்க வேண்டும். புற்றுநோய் உறுப்பு எதையும் புதியவர் தனியாகத் தொடக் கூடாது. இதற்குப் புதிய கருவியோ நிதியோ தேவையில்லை. துறைத் தலைவரின் ஓர் உத்தரவு போதும். நல்ல துறைகளில் இது ஏற்கெனவே வழக்கம். மற்ற இடங்களில் "நாங்களும் இப்படித்தான் கற்றுக்கொண்டோம்" என்பதே பாடத்திட்டம்.

அந்த அறையின் காற்றையும் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபார்மலினின் ஆவி ஃபார்மால்டிஹைடு. அது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வகைப்படுத்தியது. ஆவியை மேஜையிலேயே உறிஞ்சி வெளியேற்றும் வசதி இருக்க வேண்டிய இடத்தில், சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் ஓடும் கல்லூரிகள் உண்டு. கண்ணில் நீர் வழிய, துணி மாஸ்க்கோடு நிற்பதை அர்ப்பணிப்பு என்று யாரும் புகழ வேண்டியதில்லை. துணி மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது. புற்றுநோயைக் கண்டுபிடிக்க வந்தவர் அதற்கான காரணியைச் சுவாசித்தபடி வேலை செய்வது வேடிக்கை அல்ல.

புதியவர் கற்க வேண்டிய இன்னொரு கருவி தொலைபேசி. தியேட்டரிலிருந்து வரும் படிவத்தில் பல நேரம் வயது இருக்காது. நோய் விவரம் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியும் இரண்டு எழுத்துகளும் இருக்கும். பெரிய கட்டியைச் சிறிய புட்டியில் திணித்து அனுப்பியிருப்பார்கள். உறுப்பின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். மார்பகக் கட்டியாக இருந்தால், அகற்றிய ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹார்மோன் மருந்துக்கு அந்தக் கட்டி கட்டுப்படுமா என்று சொல்லும் பரிசோதனை பொய் சொல்லக்கூடும். இதையெல்லாம் சர்ஜனிடம் சொல்வது யார்? படிநிலை பார்க்கும் நம் ஆஸ்பத்திரிகளில் முதல் வருட பதாலஜி ரெசிடெண்ட் சர்ஜரி பேராசிரியரை அழைப்பது சாதாரண விஷயமல்ல. ஆனாலும் அழைக்க வேண்டும். விவரம் தெரியாமல் எழுதப்படும் ரிப்போர்ட், ஜாதகம் இல்லாமல் சொல்லும் ஜோசியம்.

இரவுப் பணி தனி அனுபவம். டெங்கு சீசனில் நள்ளிரவு தாண்டியும் ரத்தக் குழாய்கள் வந்துகொண்டே இருக்கும். தட்டணுக்கள் 20,000 என்று இயந்திரம் அச்சிட்டுத் தரும். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தடவிப் பார்த்தால் தட்டணுக்கள் கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும். சிலருடைய ரத்தத்தில், உறையாமல் இருக்கக் குழாயில் சேர்க்கும் ரசாயனமே இப்படிச் செய்துவிடும். கும்பலை இயந்திரத்துக்கு எண்ணத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும். தேவையில்லாத ரத்தமேற்றல் ஒன்று அங்கே தவிர்க்கப்படுகிறது.

இன்னோர் இரவு, ஈறில் ரத்தம் கசிகிறது என்று வந்த இளைஞரின் ஸ்லைடில், விறகுக் கட்டுபோல ஊசிகள் அடுக்கிய விநோத அணுக்கள் தென்படலாம். அது ஒரு வகை ரத்தப் புற்றுநோய். முதல் சில நாட்களில் ரத்தக்கசிவாலேயே உயிரைப் பறிக்கும். ஆனால் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ஒரு மாத்திரையை உடனே தொடங்கி, முறையான சிகிச்சையைத் தொடர்ந்தால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருப்பதா, இரவு 2 மணிக்கே வார்டுக்குப் போன் செய்வதா? இரவில் விழித்திருக்கும் ரெசிடெண்ட் எடுக்கும் இந்த முடிவு ஓர் உயிரின் விலை பெறும்.

பெரிய வசதிகள் இருந்தால்தான் பெரிய வேலை நடக்கும் என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு ஒரு பெயர்: சம்பு நாத் டே. கல்கத்தாவில் பதாலஜி பேராசிரியராக இருந்தவர். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை நூலால் கட்டி, காலரா கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை அதில் செலுத்திப் பார்த்தார். குடல் நீரால் உப்பியது. நோயாளியின் உடல்நீரை வெளியேற்றுவது கிருமி சுரக்கும் நஞ்சுதான் என்பதை 1959-ல் உலகுக்குச் சொன்னார். கோக் காலரா கிருமியை அடையாளம் கண்டு எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. நூலும் முயலும் சரியான கேள்வியும்தான் டேயின் மூலதனம். காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தது 1978-ல். பதாலஜிஸ்டுக்கு மாலை தாமதமாகத்தான் வரும் என்பதற்கும் அவரே உதாரணம்.

கடைசியாக, பயாப்சி ரிப்போர்ட்டுக்காகக் கவுண்டரில் காத்திருக்கும் நமக்கு. இரண்டு நாளில் ஏன் வரவில்லை என்று கோபப்படுகிறோம். திசு ஃபார்மலினில் ஊற ஓர் இரவு, மெழுகேற ஓர் இரவு, எலும்பாக இருந்தால் சுண்ணாம்புச் சத்து நீங்க மேலும் பல நாட்கள். அவசரப்படுத்தினால் கெடுவது நம் ரிப்போர்ட்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கலாம். எத்தனை கணுக்களைப் பார்த்தார்கள், ஓரத்தில் நோய் இருக்கிறதா என்று ரிப்போர்ட்டில் தேடலாம். இரண்டாவது கருத்துக்கு வேறு மருத்துவமனை போகும்போது காகிதத்தை மட்டும் எடுத்துப் போகாமல், ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் முறைப்படி கேட்டு வாங்கிப் போகலாம்.

ரிப்போர்ட்டின் அடியில் இருப்பது பேராசிரியரின் கையெழுத்து. முதல் பத்தியில் கட்டியின் நீளம், அகலம், நிறம், கணுக்களின் எண்ணிக்கை என்று நான்கைந்து வரிகள் இருக்கும். பெரும்பாலும் யாரும் படிக்காத அந்த வரிகளை எழுதியவரின் பெயர் அங்கே அநேகமாக இருக்காது. அவர் இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க அன்று யாராவது இருந்தார்களா என்பதில் நமக்கும் அக்கறை இருக்க வேண்டும்.