எல்லையோர மலைகளிலும் சமவெளியிலும் பரவும் அயல் இனங்கள் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
எல்லையோர விவசாயிகள் சங்கம்,
தேவிகுளம், சித்தூர், அட்டப்பாடி பகுதிகள்.

பெறுநர்:
தலைமைச் செயலாளர், கேரள அரசு, திருவனந்தபுரம்.
முதன்மைத் தலைமை வனப்பாதுகாவலர், கேரள வனத்துறை.
மாவட்ட ஆட்சியர்கள், இடுக்கி மற்றும் பாலக்காடு.

நகல்: மாவட்ட ஆட்சியர்கள், கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல்.

பொருள்: வாட்டில், கிராண்டிஸ் (யூகலிப்டஸ்), உன்னிச்செடி, பார்த்தீனியம் ஆகியவற்றை அகற்றி நாட்டுப் புல்லையும் சோலையையும் மீட்பது, அந்தப் பணியில் எல்லையோர மக்களின் நில உரிமையையும் வேலை உரிமையையும் காப்பது.

ஐயா, அம்மையீர்,

இந்த மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறோம். குறை தீர்க்க வேண்டி மனுச் செய்யும் எவரும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு சொல்கிறது. வட்டவடை, கோவிலூர், காந்தளூர், மறையூர் தொடங்கிக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வரை எங்களில் பெரும்பாலோர் பேசுவதும் கணக்கெழுதுவதும் தமிழில்தான். காடு பற்றியும் நிலம் பற்றியும் வரும் அறிவிப்புகள் எங்களுக்கு விளங்காத மொழியில் ஒட்டப்படுவதால் ஆட்சேபம் சொல்லும் நாள் பல தடவை கடந்துபோயிருக்கிறது. அயல் மரங்களை அகற்றும் திட்டம் எதுவானாலும் அதன் அறிவிப்பும் வரைபடமும் கருத்துக் கேட்புக் கூட்டமும் தமிழிலும் இருக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பின்னால் வரும் கோரிக்கைகள் எல்லாம் இதைப் பொறுத்தே நிற்கின்றன.

கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே ஓடிக் கடல் சேர்கின்றன. கிழக்கே ஓடுபவை மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. இவற்றில் பவானி அட்டப்பாடி வழியாகவும் பாம்பாறு மறையூர், காந்தளூர் அடங்கிய எங்கள் அஞ்சுநாட்டு மலைகளிலிருந்தும் இறங்குகின்றன. பாம்பாறு கீழே போய் அமராவதி ஆகிறது. உடுமலையிலும் தாராபுரத்திலும் கரூரிலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. ஆகவே எங்கள் மலை உச்சியில் புல் நிற்கிறதா வாட்டில் நிற்கிறதா என்ற கேள்வி இரண்டு மாநிலத்துக்கும் பொதுவானது.

வாட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பழனி, நீலகிரி மலைகளில் இதைச் சீகை என்பார்கள். தோல் பதனிடப் பட்டை கிடைக்கும் என்றும், ‘வெறுமனே கிடக்கும்’ புல்மேடு காடாகும் என்றும் எண்ணி இதை நட்டவர்கள் அரசாங்கத்தார்தான். புல்மேடு வெறுமனே கிடக்கவில்லை. மழையைப் பிடித்து மெல்ல மெல்ல ஓடைக்கு விடும் வேலையை அது செய்துகொண்டிருந்தது. வரையாடும் காட்டெருமையும் அதில் மேய்ந்தன. நட்ட இடத்தோடு வாட்டில் நிற்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் ஐம்பது ஆண்டு வரைகூட உயிரோடு கிடக்கும். தீ பட்டால் மொத்தமாக முளைக்கும். எங்களுக்கு அடுத்த மேட்டிலிருக்கும் பழனி மலையில் 1973 முதல் 2014 வரையான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அங்கிருந்த புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் கண்டார்கள். தண்ணீரைப் பற்றிய கணக்கும் இருக்கிறது. நீலகிரியின் கிளென்மார்கனில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் புல் நின்ற சரிவையும் கிராண்டிஸின் இனமான நீலக் கற்பூர மரம் நட்ட சரிவையும் அருகருகே வைத்துப் பல ஆண்டுகள் அளந்தார்கள். மரம் நின்ற சரிவில் முதல் சுற்றிலேயே நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது; வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் இன்னும் கூடுதலாகக் குறைந்தது. மாசி, பங்குனியில் எங்கள் ஊற்றுகள் வற்றுவதைப் பெரியவர்கள் சொல்லும்போது வயதானவர் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்பதற்காக இதை எடுத்துச் சொல்கிறோம்.

இனி, எங்களுக்கு மிகவும் வலிக்கிற செய்தி. ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் எங்கள் ஊரில் இரண்டு பொருளில் வழங்குகிறது. அதிகாரிகள் வாட்டிலை ஆக்கிரமிப்பு இனம் என்கிறார்கள். அதே வாயால், பட்டா விசாரணைக்கு வரும்போது எங்களில் பலரையும் ஆக்கிரமிப்பாளர் என்கிறார்கள். கொட்டக்கொம்பூர், வட்டவடைக் கிராமங்களின் 58, 62ஆம் பிளாக்குகளில் 3,200 ஹெக்டேரைக் குறிஞ்சிமலைச் சரணாலயம் என்று 2006இல் அறிவித்தார்கள். நீலக்குறிஞ்சிக்கு ஓர் இடம் வேண்டும் என்பதில் எங்களுக்கு மாறுபாடு கிடையாது; அது எங்கள் மலையின் பூ. ஆனால் எந்த நிலம் உள்ளே, எந்த நிலம் வெளியே, யாருடைய பட்டா சரி என்ற வழக்கு அன்று முதல் எங்கள் தலைக்கு மேல் தொங்குகிறது. இதனால் நடப்பது என்ன? தன் நிலத்தில் நிற்கும் கிராண்டிஸை வெட்டிவிட்டுப் பீன்ஸோ பூண்டோ வைக்க நினைக்கும் விவசாயி, அனுமதி கேட்டு மனுப் போட்டால் பட்டாவே கேள்விக்குள்ளாகும் என்று பயந்து மரத்தை விட்டுவிடுகிறார். மரம் ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் குடிக்கிறது. கிராண்டிஸை நாங்கள் ஆசைப்பட்டு நடவில்லை என்பதையும் பதிவுசெய்கிறோம். காய்கறி விலை விழுந்தது, சாலை சரியில்லை, பன்றியும் காட்டெருமையும் வயலில் இறங்கின. ஆள்கூலி இல்லாமல் வளர்ந்து, காகித ஆலைக்குப் போகும் என்று ஒரு மரத்தைக் காட்டினார்கள். வேறு வழியில்லாதவர்கள் வைத்தார்கள்.

எனவே எங்கள் தலையாய கோரிக்கை இதுதான்: கிராண்டிஸ், வாட்டில் மரங்களை வெட்டும் அனுமதியை நில உரிமை விசாரணையிலிருந்து முற்றாகப் பிரித்துவிடுங்கள். வெட்ட மனுக் கொடுப்பதை உரிமைக்கு எதிரான சான்றாகவோ ஆதரவான சான்றாகவோ எங்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அரசாணை வேண்டும். வருவாய்த் துறையும் வனத்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே படிவத்தில், 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். வெட்டிய நிலத்தில் முதல் மூன்று ஆண்டுகள் பயிர் செய்பவருக்கு நாற்றும் விதைப்பூண்டும் வேலியும் மானியமாகத் தர வேண்டும். வட்டவடை, காந்தளூர்ப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்தவர்கள், அந்தப் பூண்டு விளைவதற்கு ஈரமான மண்ணையும் மீட்டுத் தரட்டும்.

காட்டுக்குள் இருக்கும் வாட்டிலைப் பொறுத்தவரை, வெட்டிப்போட்டால் வேலை முடிந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஆனைமுடிச் சோலைத் தேசியப் பூங்காவில் பழத்தோட்டம் என்ற இடத்தில் வாட்டில் நின்ற நிலத்தில் நாட்டுப் புல் நட்டுப் புல்வெளியை மீட்டிருக்கிறார்கள். புல்லைத் தேடி எடுத்து, நாற்றுவிட்டு, மலைச்சரிவில் குனிந்து நட்டவர்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் இருக்கிறார்கள். முளைத்து வரும் வாட்டில் கன்றை ஆண்டுக்கு ஆண்டு கையால் பிடுங்க வேண்டியிருக்கிறது. மண்ணுக்குள் விதை இருக்கும் வரை அந்த வேலை தொடரும். ஓராண்டு ஒப்பந்தம் போட்டு, இயந்திரம் கொண்டுவந்து, மரத்தை ஏற்றிச் சென்றுவிடும் ஒப்பந்தக்காரரால் இது ஆகாது. ஒவ்வோர் இடத்துக்கும் பத்தாண்டுத் திட்டமும் பத்தாண்டு நிதியும் ஒதுக்க வேண்டும். வேலையை வட்டவடைப் பெண்களுக்கும் முதுவர் குடிகளுக்கும் தர வேண்டும். விற்ற மரத்தின் வருமானத்தில் ஒரு பங்கு பின்னால் பிடுங்கும் கூலிக்கென்று தனிக் கணக்கில் நிற்க வேண்டும். மூத்த வாட்டில் தோப்பின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் முளைத்து வருவதைப் பார்க்கிறோம். அங்கே அவசரப்பட்டு மொட்டையடிக்க வேண்டாம். சரிவான இடத்தில் மண் சரியும். புல்லுக்குள் புதிதாக நுழையும் கன்றுகளை முதலில் எடுங்கள். அங்கே ஒரு நாள் கூலியில் தீர்வது, பத்து ஆண்டு விட்டுவைத்தால் பல நாள் கூலி கேட்கும். நீலக்குறிஞ்சி 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அதற்குள் குறிஞ்சி மேடுகளின் ஓரத்து வாட்டில் கன்றுகளாவது எடுக்கப்பட வேண்டும் என்று நாள் குறித்துக் கேட்கிறோம்.

மருந்தடித்து அழிக்கலாம் என்ற யோசனை வந்தால் அதை ஏற்க மாட்டோம். கிளைபோசேட் விற்பனையைக் கேரள அரசு 2019இல் தடை செய்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊற்றுகளுக்கு மேலே அது போன்ற எதையும் தெளிக்கக் கூடாது.

கொள்கை இல்லாமல் இல்லை. அயல் மரத் தோட்டங்களை இயற்கைக் காடாக மீட்பதற்குக் கேரளம் 2021இல் சூழல் மீட்புக் கொள்கை கொண்டுவந்தது. ஆனால் 2024 மே மாதம் வன வளர்ச்சிக் கழகம் யூகலிப்டஸ் நடலாம் என்று ஓர் ஆணை வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பின் அதைத் திருத்தினார்கள். திருத்தியதற்கு நன்றி. அடுத்த முறை அப்படி ஓர் ஆணை எழ முடியாதபடி, காட்டு நிலத்தில் யூகலிப்டஸ், வாட்டில், பைன் நடுவதைத் தடை செய்து சட்டமாகவே கொண்டுவாருங்கள். கொள்கை என்றால் அமைச்சரவை மாறினால் மாறும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அயல் ஆக்கிரமிப்பு இனம் எது என்று வரையறை தருகிறது. அவற்றின் இறக்குமதியையும் வணிகத்தையும் பெருக்கத்தையும் கட்டுப்படுத்த ஒன்றிய அரசுக்கு அதிகாரமும் தருகிறது. ஆனால் சரிவில் நிற்கும் மரத்தைப் பிடுங்க நிதியும் ஆளும் மாநிலம்தான் தர வேண்டும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: அயலிலிருந்து வந்தது எல்லாம் எங்களுக்கு எதிரி என்று நாங்கள் நினைக்கவில்லை. நாங்கள் விளைவிக்கும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். வரப்பைத் தாண்டாமல் இருக்கும் வரை அவை பயிர். மலையையே மூடிக்கொண்டு மற்ற எதையும் வாழவிடாதவற்றை அகற்றத்தான் கேட்கிறோம்.

பாலக்காட்டுப் பக்கத்துச் சங்கதி வேறு. சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016இல் வந்தது. பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் ஒரே காலத்தில் கண்டார்கள். ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள், மேலே கரும்பூஞ்சாணம், காய்ப்பில் அடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தப் பூச்சியைத் தின்று கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற சிறு குளவி இங்கேயே இருக்கிறது. ரசாயன மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி என்பதை விஞ்ஞானிகள் பலமுறை சொல்லியும், மருந்துக் கடைகளில் மருந்துதான் கைக்கு வருகிறது. என்கார்சியா இருக்கும் ஓலைகளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுபோய் வைக்க, ஊராட்சிதோறும் பயிற்சி பெற்ற ஒருவரைத் தாருங்கள். பார்த்தீனியம் சாலையோரத்திலும் தரிசிலும் பரவுகிறது. இந்தியாவில் 1950களில் புனேயில் முதன்முதலாகக் கண்ட செடி இது. தொட்டால் தோல் அரிக்கும், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குவதை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பிடுங்குபவருக்குக் கையுறை கொடுக்க வேண்டும். சோதனைச் சாவடிகளில் வைக்கோல், நாற்று, தென்னங்கன்று ஏற்றி வரும் வண்டிகளைப் பூச்சிக்கும் விதைக்கும் பார்க்க ஒரு வேளாண் அலுவலர் இருந்தால் போதும். வண்டியை மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கும் ஏற்பாடு எங்களுக்கு வேண்டாம்.

அட்டப்பாடியில் உன்னிச்செடி மேய்ச்சலைத் தின்றுவிட்டது. அதை எடுக்கும் பணியை வன உரிமைச் சட்டத்தின்படி இருளர், முடுகர், குறும்பர் ஊர்க்கூட்டங்களின் முடிவுக்கு விட வேண்டும். நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் உன்னித் தண்டால் யானை உருவங்கள் செய்து பழங்குடிக் கைவினைஞர்கள் வருமானம் பெறுகிறார்கள். நல்ல வழி, ஆனால் ஒரு சந்தை உருவாகிவிட்டால் செடியைக் காப்பாற்றி வைக்கும் ஆசையும் உண்டாகும். எனவே எடுத்த இடத்தில் என்ன முளைக்க வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பின் எடுக்கச் சொல்கிறோம்.

கடைசியாக, இரண்டு மாநிலமும் சேர்ந்த ஒரு நிலைக்குழு வேண்டும். தமிழ்நாடு 2022இல் தன் ஆக்கிரமிப்புத் தாவரக் கொள்கையை வெளியிட்டது. பாம்பாடும் சோலையின் ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் கொடைக்கானல். இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் விட்டுவைத்தால் விதை காற்றிலும் ஓடையிலும் வந்துவிடும். வரையாட்டை 2025 ஏப்ரலில் இரு மாநில வனத்துறைகளும் ஒரே நாட்களில் சேர்ந்து எண்ணின. ஆட்டை எண்ணச் சேர முடிந்தவர்கள், அது மேயும் புல்லை மீட்கவும் சேர முடியும். அந்தக் குழுவில் ஊராட்சி உயிர்ப்பன்மைக் குழுக்களின் பிரதிநிதிகளும் முதுவர், இருளர் பிரதிநிதிகளும் வாக்குரிமையோடு இருக்க வேண்டும்.

இந்த மனுவின்மேல் வட்டவடையில் ஒன்றும் சித்தூரில் ஒன்றுமாக இரண்டு கூட்டங்கள், கோடைத் தீக்காலம் தொடங்கும் முன், நடத்தித் தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். தேதி குறித்தால் பழத்தோட்டத்துப் புல்வெளிக்கும் பக்கத்திலேயே நிற்கும் வாட்டில் தோப்புக்கும் உங்களை நாங்களே அழைத்துப் போகிறோம். பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் உறுப்பினர்கள்.