ழகரத்திற்கு இடமில்லாத விசைப்பலகை



கடந்த பள்ளி விடுமுறையில் சிறிய விசைப்பலகை ஒன்றை வாங்கினேன். பையில் அடங்கும், மேசையையும் அடைக்காது. மாணவர்களுக்கான பயிற்சித்தாளைத் தட்டச்சு செய்ய அமர்ந்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. ‘தமிழ்’ என்று தட்டினேன். ‘தமி’ வரைக்கும் வந்தது. அடுத்துத் தட்டிய புள்ளி மேல் வரியில் போய் விழுந்தது. ழகரம் இருக்க வேண்டிய இடத்தில் மேல்நோக்கும் அம்புவிசையைப் பொருத்தியிருந்தார்கள்!

சக ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “ஏன் சார் இவ்வளவு சிரமம்? ஆங்கில எழுத்திலேயே தட்டிவிட்டுப் போகலாமே” என்றார். அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

தமிழ்99 விசைமுகம் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் உருப்பெற்றது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைக்கும் அமைந்தன. பதினெட்டு மெய்களுக்கும் தனித்தனி விசைகள் வேண்டுமல்லவா? ஆகவே, ஆங்கிலத்தில் குறியீடுகள் இருக்கும் ஐந்து விசைகளும் தமிழுக்குப் பயன்பட்டன. பகர அடைப்புக்குறிகள் இரண்டில் ச, ஞ, அரைப்புள்ளியில் ந, மேற்கோள் குறியில் ய, சாய்கோட்டில் ழ.

விசைப்பலகையைச் சுருக்குவோர் சிலர் இந்த வலப்புற ஓரத்திலும் கைவைத்துவிடுகிறார்கள். ஆங்கிலம் எழுதுபவருக்கு அங்கே போவது சில குறியீடுகள். நமக்குப் போவதோ எழுத்துகள்! நூல், செய்யுள், யாழ், ஞாயிறு ஆகியவற்றுள் ஒன்றையாவது அந்த ஐந்தும் இல்லாமல் எழுத முடியுமா?

“பழகினால் சரியாகிவிடும்” என்பார்கள். எனக்குச் சரியாகலாம். நான் நாள்தோறும் தட்டச்சு செய்பவன். பள்ளிக் கணினி அறையில் ஓர் அமைப்பையும் வீட்டில் வேறோர் அமைப்பையும் தொடுகிற மூன்றாம் ஆண்டுப் பிள்ளையின் விரல் எதைப் பழகும்?

ஆங்கில எழுத்துவழித் தட்டச்சை நான் பழிக்கவில்லை. தமிழ்த் தட்டச்சே அறியாத எத்தனையோ பெரியவர்களை அதுதான் இணையத்தில் எழுத வைத்தது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் அந்த முறையும் உண்டு, தமிழ்99-உம் உண்டு. ஆனால், எழுத்தைக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது ஏற்றதா? ‘அம்மா’ எழுத அப்பிள்ளை முதலில் ‘ஏ, எம், எம், ஏ, ஏ’ என்று எண்ண வேண்டும். லகர ளகர வேறுபாட்டைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று நினைவில் வைக்க வேண்டும். வகுப்பில் நாவைத் திருத்தி நாம் ஊட்டிய வேறுபாடு, கணினியின் முன் மாற்றுவிசைக் கணக்காகிவிடுகிறது.

தமிழ்99-இல் அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. மகரத்தை இருமுறை தட்டினால் முதல் மகரத்திற்குப் புள்ளி தானே விழும். ங, க என்று தட்டினால் ‘ங்க’ வரும். பிள்ளை தமிழாகவே எண்ணி, தமிழாகவே எழுதுகிறது.

குறை தமிழில் இல்லை; நாம் வாங்கும் பொருளில் இருக்கிறது. பெற்றோர்களே, மடிக்கணினியோ விசைப்பலகையோ வாங்கக் கடைக்குப் போனால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். மேலே சொன்ன ஐந்து விசைகளும் முழு அளவில், உரிய இடத்தில் இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளிக்கு வாங்கும்போது இதை ஒரு நிபந்தனையாகவே வையுங்கள். ஏற்கனவே சிறிய பலகையை வாங்கிவிட்டவர்கள் தனி விசைப்பலகை ஒன்றை இணைத்துக் கொடுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, “ஆங்கிலத்திலேயே தட்டு” என்று மாணவனிடம் சொல்லுமுன் ஒரு நொடி நில்லுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியரே ழகரத்தைக் கைவிட்டால், அதற்கு இடம் கேட்டுப் பேச வேறு யார் வருவார்?

நான் வாங்கிய பலகை இப்போது பெட்டிக்குள் உறங்குகிறது. இக்கட்டுரையைப் பழைய பெரிய பலகையில்தான் தட்டினேன்.