நடப்போர்க்கும் நெறி வேண்டும்

தமிழில் ‘நெறி’ என்னும் சொல் நடக்கும் பாதையையும் குறிக்கும். வாழும் ஒழுக்கத்தையும் குறிக்கும். ‘ஷரீஅத்’ என்னும் அரபுச் சொல்லுக்கும் வழி என்பதே அடிப்படைப் பொருள். பாதையும் ஒழுக்கமும் வேறல்ல என இரு மொழியாரும் கண்டனர். நம் சாலைகளிலோ அவை பிரிந்து நிற்கின்றன.

எங்கள் கல்லூரிக்கு எதிரே பள்ளிவாசல் உள்ளது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு வந்த முதியவர் ஒருவர் கைத்தடியுடன் சாலையோரத்தில் நெடுநேரம் நின்றார். பாங்கோசையும் முடிந்தது, வண்டிகள் ஓயவில்லை. மாணவர் இருவர் அவரைக் கைபிடித்து அழைத்துச் சென்றனர். அவர்தம் பண்பு பாராட்டுக்குரியது. எனினும், சாலையைக் கடப்பதற்கே ஒருவர் பிறர் இரக்கத்தை எதிர்நோக்கி நிற்பது ஊருக்கு அழகாகுமா?

2023ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,72,890 பேர். அவருள் நடந்து சென்றோர் 35,221 பேர். ஐவரில் ஒருவர் என்னலாம்.

‘பார்த்துக் கடக்க வேண்டாமா?’ என்பர் சிலர். கணக்கிட்டுப் பார்ப்போம். நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் இளைஞர் 12 மீட்டர் அகலச் சாலையை 10 நொடியில் கடப்பார். 0.8 மீட்டரே நடக்கும் முதியவருக்கு 15 நொடி வேண்டும். அதற்குள் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து 200 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அடியெடுத்து வைக்கையில் தொலைவில் தெரிந்த வண்டி, மறுபுறம் சேருமுன் அவரை எட்டிவிடும். பார்த்தும் பயன் என்ன?

வெள்ளைக் கோடுகள் மட்டும் போதா. கடக்கும் இடத்தைச் சற்றே உயர்த்தி அமைத்தால் வண்டிகளின் வேகம் தானே குறையும். சாலை நடுவே நின்று செல்லத் திட்டு ஒன்று இருப்பின், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் நோக்கினால் போதும். சைகை விளக்கு உள்ள இடங்களில் முதியவரின் நடையே கால அளவாதல் வேண்டும். படியேறும் நடைமேம்பாலமோ மூட்டுவலி உடையார்க்குப் பயன்படாது.

கோடிட்ட இடத்தில் நடப்போர்க்கு வழிவிட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளிலேயே உள்ளது. சட்டம் இருக்கின்றது, ஒழுக்கமே இல்லை.

பாதையில் கிடக்கும் இடரை அகற்றுதல் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. அன்று இடராய்க் கிடந்தவை முள்ளும் கல்லும். இன்றைய இடர் வேகமன்றோ! இருசக்கர வண்டியில் வரும் நம் மாணவர்கள், கல்லூரி வாயிலில் ஒரு முதியவருக்காக வண்டியை நிறுத்துவார்களாயின், அவ்வறம் அங்கே தொடங்கிவிடும்.