அணுக்குண்டு போரை முடித்ததென்பார் கூற்று மறுப்பு

போர் மன்பதைக்குப் புதியதன்று. வேந்தர் பொருதனர், ஊர்கள் எரிந்தன, பட்டாரை எண்ணி முடித்தபின் எஞ்சினோர் மீண்டும் ஏர் பூட்டினர். அப்போர்கட்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன. அவ்வாறன்றி, விடுத்தவன் கை ஓய்ந்த பின்னரும் தான் ஓயாது, பட்டாருடைய உடம்பினும் கருவினும் நின்று தொழில் செய்யும் படைக்கலம் ஒன்று 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜப்பான் தேயத்து ஹிரோஷிமா, நாகசாகி என்னும் இரு நகர்களின்மேல் அமெரிக்கரால் விடப்பட்டது. அதனைப் ‘போரை முடித்த படை’ எனப் புகழ்வாரும், ‘அமைதியின் காவல்’ எனப் போற்றுவாரும், ‘எல்லாம் ஊழ்’ எனக் கூறி அமைவாரும் இன்றும் உளர். இம்மூவர் கூற்றும் பொருந்தாமை ஈண்டு முறையே காட்டப்படும்.

முதற்கண் நிகழ்ந்ததனை நோக்குக. ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரின்மேல் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் யுரேனியக் குண்டு வெடித்தது. 9-ஆம் நாள் முற்பகல் 11.02 மணிக்குப் புளூட்டோனியக் குண்டு நாகசாகியில் வெடித்தது. அன்று குறித்த ஊர் கோகுரா. அதனை முகிலும் புகையும் மறைத்தமையால் வானூர்தி நாகசாகியின்பாற் சென்றது. முகில் மறைத்த ஊர் உய்ந்தது. மற்றை ஊர் மாய்ந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் இறந்தோர் ஹிரோஷிமாவில் ஏறக்குறைய 1,40,000 பேர். நாகசாகியில் ஏறக்குறைய 70,000 பேர். இவருட் பெரும்பாலோர் படைக்கலம் ஏந்தாத மகளிரும் முதியரும் சிறாருமே.

இனி, முதற் கூற்று வருமாறு: ‘குண்டு விழுந்தது, ஆகஸ்டு 15-இல் ஜப்பானியர் பணிந்தமை அறிவிக்கப்பட்டது, ஆகவே குண்டே போரை முடித்து, பின்னும் சாகவிருந்த பன்னூறாயிரவரைக் காத்தது’ என்பது. அமெரிக்கப் போர்ச் செயலராயிருந்த ஸ்டிம்சன், படையெடுத்துச் சென்றிருப்பின் அமெரிக்கருள் மட்டுமே பத்து லட்சத்தின் மேற்பட்டோர்க்குச் சேதம் நேர்ந்திருக்கலாமென 1947-இல் எழுதியதனை இவர் சான்றாகக் காட்டுப. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமை மாத்திரையானே முன்னது பின்னதற்குக் காரணமாகாது. காக்கை ஏறப் பனம்பழம் விழுந்த கதை யாவரும் அறிந்ததே. குண்டிரண்டிற்கும் இடையே, ஆகஸ்டு 8-ஆம் நாள், சோவியத்து நாடு ஜப்பான்மீது போர் அறிவித்ததனை இவர் ஏன் மறைத்துப் பேசல் வேண்டும்? அமெரிக்க அரசே அமைத்த குண்டுவீச்சு ஆய்வுக் குழு, குண்டு விடாதிருப்பினும், சோவியத்து போரிற் புகாதிருப்பினும், படையெடுப்பே நிகழாதிருப்பினும், அவ்வாண்டின் இறுதிக்குள் ஜப்பான் பணிந்திருக்கும் என 1946-இல் முடிவு கூறிற்று. அம்முடிபினை மறுக்கும் வரலாற்றறிஞரும் உளர் என்பது மெய்யே. ஆயினும், குண்டே தனிக்காரணம் என்பது ஐயமற நிறுவப்பட்டதன்று என்பது அவ்வழக்கினாலேயே தெற்றெனப் புலப்படும்.

‘1937-இல் நான்கிங் நகரில் ஜப்பானியப் படை இழைத்த கொடுமைக்கு இது தக்க தண்டம்’ எனின், அதுவும் பொருந்தாது. அக்கொடுமை மறுக்கற்பாலதன்று, மறைக்கற்பாலதுமன்று. ஆயினும் தண்டம் செய்தானைச் சாரல் வேண்டும். நான்கிங்கில் வாளோங்கியவன் ஒருவன். ஹிரோஷிமாவில் வெந்த பள்ளிச் சிறுமி மற்றொருத்தி. ஜப்பானியரால் வேலைக்குக் கொணரப்பட்ட கொரியரும் அந்நகர்களிற் பல்லாயிரவர் மாண்டனர். அவர் எக்கொடுமைக்குத் தண்டம் பெற்றனர்?

இனி, போர் முடிந்தது என்பதனையே ஆராய்க. யார்க்கு முடிந்தது? குண்டு விழுந்து இரண்டு மூன்று ஆண்டு கழிந்த பின்னர், காயமின்றித் தப்பினார் எனக் கருதப்பட்டோரிடையே இரத்தப் புற்று மிகுந்தது. ஆறு முதல் எட்டாண்டு அளவில் அது உச்சமெய்திற்று. ஏறக்குறையப் பத்தாண்டின் பின்னர் நுரையீரல், இரைப்பை முதலிய உறுப்புக்களிற் புற்றுத் தோன்றுதல் மிகுந்து, அவர்தம் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. சடாகோ என்னும் பெண் மகவு குண்டு விழுந்த அன்று இரண்டாண்டினள். ஊறொன்றும் புலப்படாது வளர்ந்தாள். 1955-இல் பன்னிரண்டாம் ஆண்டில் இரத்தப் புற்றினால் இறந்தாள். கருவிருந்த தாயர் கதிரியக்கம் பெற்றவழி, எட்டு முதல் பதினைந்து வாரத்துக் கருவாயிருந்தன சில, தலை சிறுத்தும் அறிவு குன்றியும் பிறந்தன. போர் முடிந்தபின் பிறந்து போரிற் புண்பட்ட இம்மக்களை எப்பட்டியலிற் சேர்ப்பது?

உடம்பின் நோயினும் கொடிது ஊரார் வாய். தப்பியோர்க்குப் பிறந்த மக்களிடத்து, வழிவழி வரும் கேடு இதுகாறும் ஆய்வுகளிற் காணப்பட்டிலது. அங்ஙனமாகவும், அவர் மரபிற் பெண் கொள்ளவும் கொடுக்கவும் அஞ்சினோர் பலர். தாம் அந்நகரினர் என்பதனை வாழ்நாள் முழுதும் மறைத்தோரும் பலர். வென்றோர் ஆட்சி நாட்டில் இருந்த தொடக்க ஆண்டுகளிற் செய்தித்தாள்கள் இக்கேட்டினை விரித்தெழுதாவாறு தடுக்கப்பட்டன. 1947 முதல் அமெரிக்கர் நிறுவிய ஆய்வகம் அவர் உடம்பினை அளந்தது, குருதியை எடுத்தது. மருத்துவம் செய்தலைத் தன் கடனாகக் கொண்டிலது. மருத்துவ உதவிக்கெனச் சட்டம் பிறந்தது 1957-இலேதான். பன்னிரண்டாண்டு மருந்துக்குக் காத்திருந்தோரை நோக்கி, ‘நும்மைக் காத்தது இப்படை’ என்பது எத்துணைப் பெரும் ஏளனம்!

இரண்டாவதாக, ‘இப்படை இருத்தலினாலேயே பெரும்போர் எழவில்லை, ஆகலின் அஃது அமைதியின் காவல்’ என்பாரை வினவுக: காவல் எனப்படுவது காக்கப்படுவோனை அழிக்குமோ? 1954 மார்ச்சு 1-ஆம் நாள் பிகினித் தீவில் வெடிக்கப்பட்ட குண்டு ஹிரோஷிமாக் குண்டினும் ஏறக்குறைய ஆயிரமடங்கு வலியது. அதன் சாம்பல் ஜப்பானிய மீன்பிடி கலமொன்றிலிருந்த இருபத்துமூவர்மேற் படிந்தது. அவருள் ஒருவர் அவ்வாண்டு செப்டம்பரிலேயே இறந்தார். ராங்கெலாப்புத் தீவினர்மேலும் அது பொழிந்தது. இரண்டு நாட் கழித்து அகற்றப்பட்டு, 1957-இல் மீண்டும் குடியமர்த்தப்பட்ட அவர், நோய்க்கஞ்சி 1985-இல் தாமே ஊரைத் துறந்தனர். சோவியத்து நாட்டுச் செமிபலாத்தின்ஸ்கு வெளியில் 1949 முதல் 1989 வரை நிகழ்ந்த வெடிப்புக்கள் 456. இவையெல்லாம் எப்போர்? பகைவனுமில்லை, களமுமில்லை; மாண்டவர் மட்டும் உளர். 1983 செப்டம்பர் 26-ஆம் நாள், அமெரிக்க ஏவுகணைகள் வருகின்றன எனச் சோவியத்துப் பொறி பொய்க்குறி காட்டியபோது, பெட்ரோவ் என்னும் அலுவலர் ஒருவர் அதனைப் பிழையென மதித்தமையால் தீங்கு நேர்ந்திலது. ஒருவர் ஐயமே உலகைக் காத்ததாயின், காவல் அவ்வையமேயன்றிப் படைக்கலமன்று.

மூன்றாவது கூற்றே அறிவுடையாரை மிகவும் மயக்குவது. நாகசாகியின் உராகாமிப் பகுதி கிறித்தவர் மிக வாழ்ந்த இடம். ஆண்டுக் குண்டினால் மனைவியை இழந்த மருத்துவர் நாகாய் தகாஷி, 1945 நவம்பரில் நிகழ்ந்த இரங்கற் கூட்டத்தில், போர் ஓய்தற்பொருட்டுக் கடவுள் ஏற்ற வேள்விப் பலி அவ்வூர் என உரைத்தார். துயருற்றார்க்கு அது ஆறுதலாயிருந்திருத்தல் கூடும். அவர் துயரினை இகழ்வார் யாருமிலர். ஆனால் அவ்வுரை, போர் தொடுத்த அரசையும் குண்டு விடுத்த அரசையும் ஒருங்கே பழியினின்றும் விடுவித்தது என்று அந்நாட்டு அறிஞரே பின்னர் மறுத்தனர். 1981-இல் ஹிரோஷிமா சென்ற போப்பரசர் இரண்டாம் ஜான் பால், போர் மனிதன் செயலே என வெளிப்படக் கூறியது இவ்விடத்து நினைக்கத்தகும்.

சைவருள்ளும் சிலர், ‘மாண்டார் நுகர்ந்தது அவர்தம் பிராரத்தம், விடுத்தார்க்குப் பழி யாது?’ என்ப. அது வினையிலக்கணம் அறியாதார் கூற்று. நுகர்வானுக்குப் பிராரத்தமாய்க் கழியும் அத்துன்பமே, செய்தானுக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதன்றோ நூன்முடிபு? கொலைஞன் ஒருவன், ‘அவன் வினை அவனைக் கொன்றது’ என வழக்காடின் எவ்வவையம் அவனை விடுக்கும்? வினைக்கொள்கை செய்தானைப் பிணிக்க வந்தது, அவிழ்த்துவிட வந்ததன்று.

ஆகவே, போரை முடித்தது என்பது நிறுவப்படாதது. அமைதியைக் காத்தது என்பது காட்சியொடு மாறுபடுவது. ஊழ் என்பது பழியை மறைப்பது. 2017-இல் இப்படைக்கலத்தைத் தடைசெய்யும் உடன்படிக்கை உருவாகி 2021-இல் நடைமுறைக்கு வந்தது. அதனை உடைய ஒன்பது நாடுகளுள் ஒன்றேனும் அதில் ஒப்பமிட்டிலது. குண்டினின்று தப்பியோர் 1956-இல் அமைத்த சங்கத்திற்கு 2024-இல் நோபெல் அமைதிப் பரிசு கிட்டிற்று. 2025-இல் அவருள் உயிரோடிருந்தோர் ஓரிலக்கத்திற்கும் குறைந்தனர். அவர்தம் அகவை சராசரி 86. அவ்வாண்டில் உலகிலிருந்த அணுப்படைக்கலங்களோ ஏறக்குறைய 12,000. சான்று கூறுவோர் குறைகின்றனர், படைக்கலம் ஒழிந்தபாடில்லை. கண்டோர் அனைவரும் மறைந்தபின் புகழ்வோர் வாயே எஞ்சும். அதற்கு முன்னரே அவ்வாயை மெய்யினால் அடைத்தல் கற்றோர் கடன் என்க.